ஓடுபாதைக்கு முந்திய ஊர்கள்

விமான நிலையங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் விமானம் தரையிறங்கிய நாளிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். சென்னைக்கும் அப்படி ஒரு வரிசை தயாராக இருக்கிறது. 1910-இல் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த டி ஆஞ்ஜெலிஸ், சிம்சன் பட்டறையில் உருவான விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். 1932 அக்டோபரில் டாட்டாவின் தபால் விமானத்தை நெவில் வின்சென்ட் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிவந்தார். 1954-இல் மீனம்பாக்கத்தில் முனையம் எழுந்தது. பிறகு திரிசூலம் பக்கம் புது முனையங்கள் வந்தன. அவற்றில் ஒன்றுக்குக் காமராசர் பெயர், பன்னாட்டு முனையத்துக்குக் காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் பெயர். இந்த வரிசையில் எங்கும் இடம்பெறாத கேள்வி ஒன்று உண்டு. விமானம் வருவதற்கு முன் அந்த மண் என்னவாக இருந்தது? ஓடுபாதைக்கு அடியில் எந்த ஏரியின் ஆயக்கட்டு கிடக்கிறது, எந்த வாய்க்கால் எங்கே திருப்பிவிடப்பட்டது என்று சொல்லியிருக்கக்கூடிய தலைமுறை போய்விட்டது. அவர்களிடம் யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரில் நிலைமை தலைகீழ். அங்கே இன்னும் ஓர் ஓடுபாதைகூட இல்லை. ஆனால் விமான நிலையத்தைப் பற்றிய உள்ளூர் நினைவு மட்டும் ஊர் ஊராகத் திரண்டு நிற்கிறது. இந்த நினைவை இரக்கத்தோடு கேட்டுவிட்டு நகரவேண்டிய சோகக் கதையாக எடுத்துக்கொள்வதே இப்போதைய வழக்கம். ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இதில் ஒன்றுபோலவே நடந்துகொள்கிறார்கள். என் வாதம் வேறு. அந்த நினைவு நிலத்தைப் பற்றிய சாட்சியம். சாட்சியத்துக்கு உரிய குறுக்கு விசாரணையோடு அதைப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். அதுவும், நிலம் கைமாறுவதற்கு முன் ஏற்றவேண்டும்.

செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் படாளம், திருப்போரூர், பன்னூர், பரந்தூர் ஆகிய நான்கு இடங்கள் பரிசீலிக்கப்பட்டன. 2022 ஆகஸ்டில் பரந்தூர் தேர்வானது என்ற அறிவிப்பு வந்தது: ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகளைக் கையாளும் திறன், இரண்டு ஓடுபாதைகள், 20,000 கோடி ரூபாய்ச் செலவு. முதலில் 13 கிராமங்கள் என்றார்கள்; 2023-இல் வந்த நிர்வாக ஒப்புதலில் அது 20 ஆனது, பரப்பு சுமார் 5,746 ஏக்கர். ஏகனாபுரம், நெல்வாய், நாகப்பட்டு, தண்டலம், மகாதேவிமங்கலம் போன்ற ஊர்கள் இதில் அடங்கும். ஏகனாபுரத்துக்காரர்கள் கிராம சபையில் தீர்மானம் மேல் தீர்மானமாகப் போட்டார்கள். மாலையில் வயல்வேலை முடித்து வந்து போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். 2025 ஜனவரியில் நடிகர் விஜய் அவர்களைச் சந்திக்கப் போனபோது போராட்டம் 900 நாட்களைக் கடந்திருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஒன்றிய அரசு கொள்கை அளவிலான ஒப்புதலைத் தந்தது. ஜூலையில் நிலப் பத்திரங்கள் பதிவாகத் தொடங்கின.

இந்த எண்களில் ஒன்றை மட்டும் நிறுத்தி நிதானமாகப் பார்க்கவேண்டும். 5,746 ஏக்கரில் ஏறத்தாழ 3,774 ஏக்கர் பட்டா நிலம். மிச்சம் 1,972 ஏக்கர் அரசுப் புறம்போக்கு. மூன்றில் ஒரு பங்குக்கு இழப்பீடே தரவேண்டியதில்லை என்று கணக்குப் பார்ப்பவருக்கு இது நல்ல செய்தி. ஆனால் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், ஏரிகள் மாவட்டம் என்றே பெயர் வாங்கிய இந்த நிலத்தில், புறம்போக்கு என்று எழுதப்பட்டதில் பெரும்பகுதி ஏரி, தாங்கல், குட்டை, வரத்துக்கால், மேய்ச்சல். ‘அ’ பதிவேட்டில் ஓர் ஏரிக்குச் சர்வே எண் இருக்கும், பரப்பு இருக்கும். அந்த ஏரி எந்த மழையில் நிரம்பும், நிரம்பினால் கலங்கல் வழியே எந்த ஊருக்குத் தண்ணீர் போகும், எத்தனை நாள் போகும் என்பது இருக்காது. கலங்கலையே எடுத்துக்கொள்ளலாம். பழைய கலங்கல்களின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். பருவமழையின் கடைசி நாட்களில் அந்தக் கற்களுக்கு நடுவே வைக்கோலும் களிமண்ணும் திணித்து நீர்மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்வது ஆயக்கட்டுக்காரர்களின் வழக்கம். அப்படி உயர்த்தினால் கரைக்குக் கீழே இருப்பவருக்கு இன்னொரு தண்ணீர். கரைக்கு உள்ளே, நீர்பிடிப்பை ஒட்டிப் பயிர் வைத்தவருக்கு முழங்கால் அளவு வெள்ளம். இதை வைத்து ஊருக்கும் ஊருக்கும் தகராறு வந்திருக்கும், பேசித் தீர்த்திருப்பார்கள், மறுபடி வந்திருக்கும். பொதுப்பணித் துறையின் வரைபடத்தில் அந்த ஏரியின் முழு நீர்மட்டம் ஒரே ஒரு கோடு. ஊர் நினைவில் அது ஆண்டுக்கு ஆண்டு நகர்கிற கோடு. வெள்ளக் கணக்குப் போடுகிற பொறியாளருக்கு வேண்டியது இரண்டாவது கோடுதான்.

பரந்தூரில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாவதற்குக் காரணம் கம்பன் கால்வாய். பல்லவ அரசன் கம்பவர்மன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்தக் கால்வாய் சுமார் 43 கிலோமீட்டர் ஓடி, பாலாற்று நீரை வழிநெடுக ஏரிகளுக்குக் கொடுத்துக்கொண்டே ஸ்ரீபெரும்புதூர் ஏரிவரை கொண்டுபோகிறது. அதன் ஒரு பகுதி விமான நிலையத்துக்காகக் குறித்த நிலத்தின் ஊடாகச் செல்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்கு வரும். செம்பரம்பாக்கத்தின் உபரி அடையாற்றுக்கு. அடையாற்றின் மேலேதான் மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதை பாலமாகக் கட்டப்பட்டிருக்கிறது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அந்த ஓடுபாதையில் வெள்ளம் ஏறி, சென்னை விமான நிலையம் பல நாட்கள் மூடிக்கிடந்தது. ஆக, பரந்தூர்ப் பக்கத்து ஏரிகள் பிடித்துவைக்காத தண்ணீர் போய்ச்சேரக்கூடிய இடங்களில் பழைய விமான நிலையமும் ஒன்று. இப்போதைய நிலையத்தின் நெருக்கடியைத் தீர்க்க எழுப்பும் புதிய நிலையம், அதன் தலைமாட்டிலிருக்கும் நீர்ப்பிடிப்பில் கைவைக்கிறது. கால்வாயைத் திருப்பிவிடலாம், நீர்நிலைகளைக் காக்கும்படி வடிவமைக்கலாம் என்பது அரசுத் தரப்பின் பதில். நீரியல் கேள்விகளை ஆராய ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி மச்சேந்திரநாதன் தலைமையில் ஒரு குழுவும் அமைத்தார்கள். அந்தப் பதிலை ஏளனமாகத் தள்ளிவிடக் கூடாது. கால்வாய்களைத் திருப்பிய முன்னுதாரணங்கள் உண்டு. ஆனால் எதைத் திருப்புகிறோம் என்று முழுதாகத் தெரிந்தால்தான் திருப்பமுடியும். பெருமழைக் காலத்தில் தண்ணீர் வெட்டிவைத்த கால்வாயில் மட்டும் போவதில்லை. வயல்மீதும் ஓடைவழியும் ஏரிக்கு ஏரி அது தேடிக்கொள்ளும் பாதைகளைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்த ஊர்களில்தான் இருக்கிறார்கள்.

இங்கே முதல் மறுப்பு எழும், எழவும் வேண்டும். நினைவு நம்பத்தக்கதல்ல; அதிலும் நிலம் போகப்போகிறவரின் நினைவு தன்னலம் கலந்தது. போராட்டப் பந்தலில் உட்கார்ந்தவர் சொல்லும்போது முப்போகம் விளையாத நிலமும் முப்போகம் விளைந்ததாக ஆகிவிடும். உண்மைதான். ஆனால் இந்தக் குறை சாட்சியம் என்ற வகைக்கே பொதுவானது. நிலத்தை மலிவாகக் காட்ட விரும்பும் துறையின் அறிக்கைக்கும் ஒரு நலன் இருக்கிறது; அதற்காக அதை யாரும் படிக்காமல் எறிவதில்லை. உள்ளூர் நினைவைச் சோதிக்க வழிகளும் இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் பெரியவர்கள் ஆண்டுக் கணக்கைவிட வெள்ளக் கணக்கைத்தான் வைத்திருப்பார்கள்: 76 வெள்ளம், 85 வெள்ளம், 2005, 2015. இவை எல்லாம் மழைமானிப் பதிவுகளில் இருக்கும் ஆண்டுகள். 1972-க்குப் பிறகு செயற்கைக்கோள் படங்கள் உண்டு. அதற்கு முன்னால் சர்வே ஆஃப் இந்தியா வரைபடங்கள், கிராம நில அளவைப் படங்கள். ஒருவர் சொல்லும் வெள்ளப்பாதை இவற்றோடு பொருந்தினால் அவர் சொல்லும் மற்றவற்றுக்கும் எடை கூடும். பொருந்தாவிட்டால், ஒன்று அவர் தவறு, அல்லது படத்தில் விழாத ஏதோ ஒன்றை அவர் பார்த்திருக்கிறார். மேல்மடைக்காரர் ஒன்றும் கீழ்மடைக்காரர் நேரெதிராக ஒன்றும் சொன்னால் இன்னும் நல்லது. அந்த முரணே அங்கே தண்ணீர்ச் சண்டை நடந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நாற்பது ஆண்டுக்கு மேல் வாய்வழி நினைவு தாங்காது என்பதையும் காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து எளிதாகச் சொல்லிவிட முடியாது. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் கிடக்கும் அத்திவரதரை 1979-இல் எடுத்தார்கள், பிறகு 2019-இல் எடுத்தார்கள். ஒரு கோடிக்கு அருகில் மக்கள் வந்துபோனதாகச் சொல்லப்பட்ட அந்த 48 நாட்களின் ஏற்பாட்டுக்கு, முந்தைய முறை இளைஞர்களாக உடனிருந்தவர்கள் சொன்னதும் ஒரு வழிகாட்டி. ஒருவர் தம் ஆயுளில் ஓரிரு முறைக்குமேல் பார்க்கமுடியாத காரியம் தலைமுறை தாண்டி நிற்கிறதென்றால், அதைத் தாங்குவது தனி மனிதரின் ஞாபகசக்தி அல்ல. அதற்கென்று ஒரு முறைமை, ஒரு பொறுப்பு, ஒரு குடும்பம் இருக்கிறது. ஏரிப்பாசன ஊர்களிலும் அப்படி ஒரு பொறுப்பு இருந்தது. மதகைத் திறந்து மூடி வயல்வாரியாகத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கு அறுவடையில் மேரை என்று ஒரு பங்கு போகும். ஏரி மராமத்துக்கும் தனிப் பங்கு உண்டு. ஊர்ப் பொதுவிலிருந்து நெல் அளந்து கொடுத்துப் பாதுகாத்த நினைவை வெறும் வாய்ப்பேச்சு என்று சொல்வது சரியான விவரிப்பாகாது.

சொல்லப்போனால், அரசுகள் இதை ஒருகாலத்தில் தெரிந்தே வைத்திருந்தன. இதே மாவட்டத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. அந்தத் தேர்தலில் ஆள் எடுத்த வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று என்பதைக் குடவோலைப் பெருமை பேசுகிறவர்கள் போகிற போக்கில்தான் சொல்கிறார்கள். கும்பெனியார் 1763-இல் செங்கல்பட்டு ஜாகீரைப் பெற்ற சில ஆண்டுகளில், 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் சுமார் 2,000 ஊர்களை அளந்தார். வரி வாங்குவதுதான் நோக்கம். அதில் மயக்கம் வேண்டாம். ஆனாலும் ஒவ்வொரு ஊரின் ஏரி, தோப்பு, வீடுகள், யாருக்கு எவ்வளவு மேரை என்பதெல்லாம் ஊர்க் கணக்கர்களைக் கேட்டே எழுதப்பட்டன. 18-ஆம் நூற்றாண்டின் அந்நிய வணிகக் கம்பெனிக்கு இருந்த ஆர்வம் 21-ஆம் நூற்றாண்டின் நிலமெடுப்பு அலுவலருக்கு இல்லாமல் போனதற்கு ஒரு காரணம் எளிது: அன்றைக்கு வருமானம் விளைச்சலில் இருந்தது, இன்றைக்குப் பரப்பில் இருக்கிறது.

எழுதிவைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சென்னையைச் சுற்றி அவசர அவசரமாக விமானத் தளங்கள் போடப்பட்டன. சோழவரம் என்றால் இன்று பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது கார் பந்தயம். போர் முடிந்து கைவிடப்பட்ட ஓடுபாதையில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. பிறகு அதுவும் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைக்கு இடம்பெயர்ந்தது. அரக்கோணத்துத் தளம் 1992-இல் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி ஆனது. விமானம், பந்தயக் கார், கடற்படை எல்லாவற்றுக்கும் கதை இருக்கிறது. அந்தந்த நிலத்தை உழுதவர்களுக்கு இல்லை. பரந்தூர் வட்டாரத்துக்கு இது புதிதும் அல்ல. அருகிலிருக்கும் புள்ளலூரில் மகேந்திரவர்மப் பல்லவன் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. 1780 செப்டம்பர் 10-இல் அங்கேதான் திப்பு சுல்தான் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவர் முழுக்க அந்தப் போர் ஓவியமாக இருக்கிறது. அடுத்த ஆண்டுச் சண்டையில் செத்த ஆங்கில அதிகாரிகள் இருவருக்குப் புள்ளலூர் வயல்நடுவே உயரமான நினைவுத் தூண்கள் நிற்கின்றன. ஐதரின் அந்தப் படையெடுப்பில் ஜாகீர் முழுக்க ஊர்கள் காலியாயின, ஏரிகள் உடைந்து கிடந்தன. அதற்கு மிஞ்சியது ‘ஐதர் கலாபம்’ என்ற வழக்கு மட்டுமே.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. சென்னைக்குப் பெரிய விமான நிலையம் தேவை. தேவை உண்மையென்றால் நினைவுகளைச் சேகரிப்பது காலதாமதம். ஷம்ஷாபாதும் தேவனஹள்ளியும் 2008-இல் திறந்தன. அதன் பிறகு ஐதராபாத்தும் பெங்களூரும் பயணிகள் எண்ணிக்கையில் சென்னையைத் தாண்டிப் போய்விட்டன. மலையும் ஆறும் குடியிருப்பும் நெருக்கும் மீனம்பாக்கத்தில் விரிவுபடுத்த இடமில்லை. மணப்பாக்கம், கொளப்பாக்கம் பக்கம் நிலமெடுத்தபோதே அது தெரிந்துவிட்டது. தேவையை நான் மறுக்கவில்லை. தேவை என்பது இன்ன இடம்தான் என்பதற்குச் சான்றாகாது, அவ்வளவே. நான்கு இடங்களை ஒப்பிட்டபோது ஒவ்வொன்றின் நீர்வழியும் ஊர்க்காரர்களைக் கேட்டு எடைபோடப்பட்டிருந்தால், அந்த ஒப்பீட்டை எதிர்ப்பவர்களும் மதித்திருப்பார்கள்.

கூடவே ஒரு வாக்குறுதி காஞ்சிபுரத்தை நோக்கி வருகிறது: பட்டுக்கும் கோயில் சுற்றுலாவுக்கும் விமான நிலையம் வாழ்வு தரும் என்று. ஓட்டலுக்கும் மனை வியாபாரத்துக்கும் தரும், சந்தேகமில்லை. தறிக்குத் தருமா என்பதில்தான் எனக்கு ஐயம். காஞ்சிப் பட்டு விற்காமல் தேங்கினால் அதற்குக் காரணம் விமான நிலையம் தொலைவில் இருப்பது அல்ல. பட்டு நூல், சரிகை விலை, விசைத்தறிப் போலிகள் என்று காரணங்கள் வேறு. கோர்வை போட்டு உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் இணைத்து நெய்ய இரண்டு பேர் தறியில் உட்காரவேண்டும். அந்த இரண்டாவது ஆள் இப்போது கிடைப்பதில்லை. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளின் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். அந்த வேலைகள் நெசவைவிட நல்ல கூலி தந்தன. அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியது என்பதும் இந்த வட்டாரத்தின் நினைவில் இருக்கிறது. பரந்தூர்க்காரர் வேலைவாய்ப்பு என்ற சொல்லைக் கேட்டு உடனே மயங்காததற்கு அறியாமை காரணமல்ல. பக்கத்து ஊரில் பார்த்த அனுபவம்தான் காரணம்.

இந்தச் சாட்சியம் பதிவேட்டுக்குள் நுழையச் சட்டத்தில் ஒரு வாசல் இருந்தது. 2013-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பரந்தூரில் நிலமெடுக்கப் பயன்படுவதோ தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுத் தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம். அதில் அந்தக் கட்டாயம் இல்லை. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பால் செல்லாமல் போன இந்தச் சட்டத்தை மாநில அரசு அதே ஆண்டு புதிய சட்டம் இயற்றி உயிர்ப்பித்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. போதாக்குறைக்கு, 2023-இல் இயற்றிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், பெரிய சிறப்புத் திட்டங்களுக்காக நீர்நிலை உள்ள நிலங்களையும் சேர்த்து ஒரே துண்டாக்க வழிசெய்தது. சட்டப்படி நடக்கிறது என்பது உண்மை. கேட்கவேண்டிய இடத்தை அந்தச் சட்டமே அடைத்துவைத்திருக்கிறது என்பதும் உண்மை. மிச்சமிருப்பது 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் வரும் பொதுமக்கள் கருத்துக் கேட்பு. அங்கே பேசுவது எழுத்தில் ஏறியாகவேண்டும். ஒலிபெருக்கி முன் ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று அதை நடத்தினால் கோஷம்தான் பதிவாகும். ஏரி ஏரியாகக் கலங்கல் உயரம், வரத்துக்கால், எந்த வெள்ளத்தில் எதுவரை தண்ணீர் நின்றது என்று வரிசையாகக் கேட்டு எழுதினால் பொறியாளர் பயன்படுத்தக்கூடிய ஆவணம் கிடைக்கும்.

அப்படிக் கேட்கும்போது யாரைக் கேட்பது என்பதில் கவனம் தேவை. என் வாதத்தின் பலவீனமான இடமும் இதுதான். ஊர் நினைவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் பட்டாதாரரின் நினைவு. இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் அனுப்பிய அறிக்கை, நிலமும் தண்ணீரும் பறையர் மக்களுக்கு எப்படி மறுக்கப்பட்டன என்று விரிவாகச் சொன்னது. பஞ்சமி நிலங்கள் அதன் விளைவு. ஏரி எல்லோருக்கும் பொது என்று ஊர்த்தெருவில் சொல்லப்படும் நினைவுக்குக் காலனியில் வேறு உருவம் இருக்கும். இழப்பீட்டுக் கணக்கிலும் பட்டா இல்லாதவருக்கு ஒதுங்க இடமில்லை: அறுவடைக் கூலிக்குப் போகிறவர், குத்தகைக்கு உழுகிறவர், புறம்போக்கில் ஆடு மேய்க்கிறவர், ஏரியில் மீன் பிடிக்கிறவர். இவர்களில் சிலர் விமான நிலையம் வரட்டும் என்று சொல்லக்கூடும். அதையும் அப்படியே எழுதவேண்டும். அரசின் 1,972 ஏக்கர் கணக்கில் புறம்போக்கு என்று ஒரே சொல்லில் அடங்கிப்போன நிலத்தை நாள்தோறும் மிதித்து அறிந்தவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு இவர்கள் வரவேண்டிய தேவையே இல்லை. அதனால் நிலம் கைமாறுகிற இந்த மாதங்களில் எந்த வரிசையிலும் இவர்கள் நிற்கப்போவதில்லை. கேட்க விரும்புகிறவர்தான் ஏரிக்கரைக்குப் போகவேண்டும்.